செகண்ட் லைன் பீச்சின் அத்தோ

சென்னையில் கைக்கு அடக்கமான விலையில், வேறெங்கும் கிடைக்காத ஒன்றை வயிறாரச் சாப்பிடக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. ‘நகரின் சிறந்த உணவகங்கள்’ என்ற பட்டியல் கைபேசியில் சுற்றாத வாரமே இல்லை. இந்த வாரமும் ஒன்று சுற்றியது. ஏசி அறையும் வண்டி நிறுத்த இடமும் உள்ள கடைகள், ஏற்கெனவே ஊர் முழுக்கக் கிளை திறந்துவிட்ட கடைகள், படம் எடுக்கத் தோதான சுவர் உள்ள கடைகள். இவற்றைத் தாண்டி அந்தப் பட்டியல்கள் போவதே இல்லை. பசியோடு கையில் 100 ரூபாய் வைத்திருப்பவருக்கு அவற்றால் ஒரு பயனும் கிடையாது.

இது பட்டியல் போடுபவர்களின் சோம்பல் மட்டும் அல்ல. உணவு டெலிவரி செயலிகளில் இடம்பெற வேண்டுமென்றால் கடைக்காரர் ஒவ்வொரு ஆர்டருக்கும் கமிஷன் கொடுக்க வேண்டும். தட்டுக்குப் பத்துப் பதினைந்து ரூபாய் நிற்கிற தொழிலில் அது கட்டுப்படியாகாது. மேலும், விலை மலிவான நல்ல கடை பெரும்பாலும் ஒன்றிரண்டு பண்டங்களை மட்டுமே செய்யும். மூன்று நான்கு மணி நேரம் மட்டுமே திறந்திருக்கும். போட்ட சரக்கு அன்றைக்கே தீர்ந்துவிடும். மீந்து வீணாவதில்லை, பெரிய கூடத்துக்கு வாடகையும் இல்லை. அதனால்தான் விலை ஏறாமல் நிற்கிறது. இரவு பகலாக எதைக் கேட்டாலும் கொண்டுவந்து கொடுக்கும் ஏற்பாட்டுக்கு இந்த முறை ஒத்துவராது.

ஆகவே நட்சத்திரங்களை எண்ணுவதை விட்டு, ஆட்களைப் பார்ப்பதே சரியான வழி. ஒரு தெருவில் எந்த ஊர்க்காரர்கள், எந்தத் தொழில்காரர்கள், எதற்காக வந்து தங்கினார்கள் என்று தெரிந்தால், அங்கே என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதும் தெரிந்துவிடும். திருவல்லிக்கேணியில் மேன்சன்கள் பெருகின. அறையில் அடுப்பு மூட்ட முடியாத இளைஞர்களுக்காக மெஸ்கள் பெருகின. காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் வாங்கிக்கொண்டு பந்தி முடியும்வரை கூட்டம் காத்து நிற்கும். அதே பகுதியில் சாம்பார் இட்லிக்குப் பேர்போன ரத்னா கஃபே, 1948-இல் வடநாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் தொடங்கியது. மயிலாப்பூரில் கோயிலைச் சுற்றி ராயர் மெஸ்ஸும், ஜன்னல் வழியாகவே தட்டை நீட்டும் ஜன்னல் கடையும். சௌகார்பேட்டையில் மார்வாடி, குஜராத்திக் குடும்பங்கள் வந்ததால் மின்ட் தெருவில் ஜிலேபியும் கச்சோரியும். இவையெல்லாம் பலரும் அறிந்தவை. இதே வழியில் பாரிமுனைக்குப் போனால் கிடைக்கும் ஒன்றுக்குத்தான் உரிய மரியாதை இன்னும் கிடைக்கவில்லை.

பீச் ரயில் நிலையத்துக்கு எதிரே, ராஜாஜி சாலையை ஒட்டி பர்மா பஜார். அதற்குப் பின்னால் செகண்ட் லைன் பீச். பகலில் வங்கி, கப்பல் கம்பெனி, சுங்க ஏஜென்ட் என்று அலுவலக நடமாட்டம். மாலையானதும் நடைபாதையோரம் தள்ளுவண்டிகள் வந்து நிற்கும். அவற்றில் கிடைப்பது அத்தோ, மொய்ங்கா, பேஜோ, முட்டை.

அத்தோ கலப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அகலமான பாத்திரத்தில், வேகவைத்து நிறமேற்றிய தடித்த நூடுல்ஸ் ஒரு கைப்பிடி. அதன் மேல் மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பொன்னிறமாக வறுத்த வெங்காயம், மிளகாய்த் தூள், உப்பு, புளிக்கரைசல். கடைசியாகப் பூண்டு வறுத்த எண்ணெய் ஒரு கரண்டி. பேஜோ என்ற மொறுமொறுப்பான தட்டையை நொறுக்கித் தூவி, எல்லாவற்றையும் கையாலேயே பிசறித் தட்டில் வைப்பார்கள். அடுப்பில் வைத்துப் பிரட்டுவது கிடையாது. கூடவே ஒரு கிண்ணத்தில் கொதிக்கக் கொதிக்க வாழைத்தண்டு சூப். அவித்த முட்டையைக் கீறி, வறுத்த வெங்காயமும் புளியும் காரமும் அடைத்து, அதன் மேலும் பூண்டு எண்ணெய் விட்டுத் தருவது தனி ருசி. அதைக் கடித்துச் சாப்பிடக் கூடாது. முழுதாக வாயில் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அங்கே நிற்பவர்களின் தீர்ப்பு.

இந்தச் சாப்பாடு சென்னைக்கு வந்தது கப்பலில், அகதிகளோடு. பிரிட்டிஷ் ஆட்சியில் பர்மாவுக்குத் தமிழர்கள் பெருவாரியாகப் போனார்கள். லேவாதேவிக்குச் செட்டியார்கள், வயலுக்கும் துறைமுகத்துக்கும் கூலியாட்கள், கடை வைக்க வணிகர்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கின்போது ரங்கூன் நகரில் பாதிக்கு மேல் இந்தியர்கள். 1942-இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது லட்சக்கணக்கானோர் காடும் மலையும் கடந்து கால்நடையாக இந்தியா திரும்பினார்கள். போர் முடிந்ததும் ஒரு பகுதியினர் மறுபடி பர்மாவுக்கே போனார்கள். 1962-இல் நெ வின் தலைமையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1964-இல் கடைகள் அரசுடைமையாயின. 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டன. தலைமுறைகளாகச் சேர்த்ததை விட்டுவிட்டுக் குடும்பங்கள் கப்பலேறின.

சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்களுக்கு வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியிருப்புகள் எழுந்தன. தமிழ்நாட்டின் வேறு ஊர்களிலும் பர்மா காலனிகள் உண்டாயின. சிலருக்கு இங்கே ஒட்டவில்லை. திரும்பவும் பர்மாவுக்கே போகலாம் என்று தரைவழியாகக் கிளம்பி, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரேயில் தங்கிவிட்டார்கள். அங்கே இன்றும் தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேஸ்வரி கோயிலும் இருக்கின்றன. சென்னையில் தங்கியவர்கள் பிழைப்புக்காக 1969-இல் அமைந்ததே பர்மா பஜார். அங்கே வெளிநாட்டுச் சாமான்கள் விற்றவர்களுக்கும் வாங்க வந்தவர்களுக்கும் பசித்தது. வீட்டில் செய்த அத்தோ தெருவுக்கு வந்தது.

வந்த இடத்தில் அது மாறியும் போனது. பர்மாவில் மொய்ங்கா என்பது மீன் குழம்பில் அரிசி நூடுல்ஸ், காலை உணவு. அந்தக் குழம்பிலும் வாழைத்தண்டு உண்டு. சென்னையில் பல வண்டிகளில் மீன் விலகிக்கொண்டது, வாழைத்தண்டு நின்றது, காலை மாலையானது. காரமும் புளிப்பும் நம் நாக்குக்கு ஏற்றபடி கூடின. இதைக் கலப்படம் என்று குறை சொல்பவர்கள் உண்டு. அது தவறு. பர்மாவிலிருந்து வந்த தமிழர்களின் சாப்பாடு இது; ரங்கூனுக்கும் சென்னைக்கும் ஒரே அளவில் சொந்தம். அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்தத் தெருவில் பிசறப்படுவதைச் சென்னையின் சாப்பாடு என்று சொல்லாமல் வேறெதைச் சொல்வது?

1964-இல் பத்து வயதில் கப்பலிறங்கிய பிள்ளைக்கு இப்போது 70 கடந்துவிட்டது. வண்டிகளில் இன்று நிற்பது பெரும்பாலும் அடுத்தடுத்த தலைமுறை. பர்மாவோடு தொடர்பே இல்லாதவர்களும் தொழிலைக் கற்றுக்கொண்டு, வேறு பேட்டைகளில் அத்தோ கடை போட்டிருக்கிறார்கள். அது நல்லதே. ஆனால் முதலில் பிசறிய கைகளுக்கு என்ன பக்குவம் தெரியும் என்பது பெரும்பாலும் வாய்வழியாகவே நிற்கிறது.

தெருவோர வியாபாரிகளுக்கு 2014-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. விற்பனைக்கான இடங்களை வகுக்கவும் சான்று வழங்கவும் அதில் வழி இருக்கிறது. பாரிமுனைப் பகுதியில் நடைபாதை சீரமைப்பு பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த வண்டிகளை இடைஞ்சல் என்ற கணக்கில் சேர்க்காமல், நின்ற இடத்திலேயே தண்ணீர் இணைப்பும் குப்பை அகற்றும் வசதியும் செய்துகொடுத்து நிலைநிறுத்துவது மாநகராட்சியின் கடமை. வாசகர்கள் செய்யக்கூடியது இன்னும் எளிது. பீச் ஸ்டேஷனில் இறங்கி, சாலையைக் கடந்து, மாலை ஆறு மணிக்கு மேல் அங்கே போய்ச் சாப்பிடுங்கள். கூட்டம் குறைவான நேரமாக இருந்தால், வண்டிக்காரரின் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேளுங்கள்.