உயிர் தப்பினாலும் தீராத காயம்: ஆனைகட்டி எல்லையில் சிகிச்சைப் பொறுப்பு யாருக்கு?

ஆனைகட்டி: சாலை விபத்துகள் குறித்த விவாதம் பெரும்பாலும் உயிரிழப்புகளின் எண்ணிக்கையோடு முடிந்துவிடுகிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 1,68,491 பேர் விபத்துகளில் உயிரிழந்தனர். காயமடைந்தோர் 4,43,366 பேர். இவர்களுக்குரிய சிகிச்சை எங்கே, செலவு யாருடையது என்ற கேள்விகள், கோவையையும் கேரளத்தின் அட்டப்பாடியையும் இணைக்கும் ஆனைகட்டி போன்ற எல்லைப் பகுதிகளில் கூடுதல் முக்கியத்துவம் பெறுகின்றன.

தலையும் காலும்

அந்த ஆண்டு உயிரிழந்தோரில் சுமார் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். இவ்வகை விபத்துகளில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் தலைக்காயம். உயிர் தப்பியோரை நீண்டகாலம் முடக்குவதில் கால் எலும்பு முறிவுக்குப் பெரும் பங்கு உண்டு. முழங்காலுக்குக் கீழ் முன்புற எலும்பின் மீது தசை குறைவு என்பதால், முறிந்த எலும்பு தோலைக் கிழித்து வெளிவருவது எளிது. கிருமித்தொற்று ஏற்பட்டால் அறுவை சிகிச்சைகள் தொடரும். தலைக்கவசத்தை முறையாக அணிந்தால் மூளைக்காயத்தின் அபாயம் 74 விழுக்காடு வரை குறையும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. ஆனால் காலுக்கு அத்தகைய கவசம் வழக்கத்தில் இல்லை.

பதிவேட்டில் ஒரே வகை

அரசுப் புள்ளிவிவரங்களில் காயங்கள் கொடுங்காயம், சிறுகாயம் என இரண்டாக மட்டுமே பிரிக்கப்படுகின்றன. பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆவது பிரிவின்படி எந்த எலும்பு முறிவும் கொடுங்காயமே. எனவே விரல் முறிந்தவரும் நினைவிழந்து கிடப்பவரும் ஒரே வகையில் எண்ணப்படுகின்றனர். எத்தனை பேருக்கு எவ்வகைச் சிகிச்சை தேவைப்பட்டது என்பது இதிலிருந்து தெரிவதில்லை.

எல்லையின் இருபுறமும்

ஆனைகட்டியிலிருந்து கோவை சுமார் 30 கி.மீ. தொலைவில் உள்ளது. மேற்கே மண்ணார்க்காடு செல்வதற்குக் கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதையைக் கடக்க வேண்டும். எனவே எல்லையோரத்தில் தலைக்காயம் அடைவோருக்குக் கோவையே அருகிலுள்ள பெருநகரம்.

தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம், முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. எந்த மாநிலத்தவரும் பயன்பெறலாம். ஆனால் விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருக்க வேண்டும். இந்த இடைவெளியைக் குறைக்கும் வாய்ப்பு, 2025 மே மாதம் மத்திய அரசு அறிவிக்கை செய்த கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தில் உள்ளது. நாட்டின் எந்தச் சாலையில் விபத்து நேர்ந்தாலும், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் 7 நாள்கள் வரை ரூ.1.5 லட்சத்துக்கு உட்பட்டு சிகிச்சை பெற இது வழிசெய்கிறது.

எனினும், தோலைக் கிழித்த எலும்பு முறிவு குணமடைய மாதங்கள் ஆகும். மூளைக்காயம் அடைந்தவருக்குப் பேச்சும் நடையும் திரும்ப அதனினும் கூடுதல் காலம் தேவைப்படலாம். எட்டாம் நாள் முதலான செலவும், இயன்முறைச் சிகிச்சையும், இழந்த கூலியும் குடும்பத்தின் சுமையாகவே நீடிக்கின்றன. காயத்தின் வகையைத் தனித்தனியே பதிவு செய்தால் மட்டுமே அந்தச் சுமையின் அளவு அரசுகளின் கணக்கில் இடம்பெறும்.