எட்டு வாட்ஸ் போதுமா? ஸ்பீக்கரைக் கேளுங்கள்!

அந்தக் கால வால்வு ரேடியோ ஞாபகம் இருக்கிறதா? குமிழைத் திருகியதும் பாடாது. வால்வு சூடாக அரை நிமிடமாவது ஆகும். பாட ஆரம்பித்துவிட்டால் பக்கத்து வீடு வரை கேட்கும். அதன் சக்தி பெரும்பாலும் மூன்று, நான்கு வாட்ஸ்தான். இன்று கையடக்க ப்ளூடூத் ஸ்பீக்கரின் அட்டைப்பெட்டியிலேயே அதைவிடப் பெரிய எண் அச்சாகியிருக்கிறது!

அதே வால்வுகள் இப்போது ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையராக மறுபடி ஹாலுக்கு வந்திருக்கின்றன. விலை சாதாரணமில்லை. ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஸ்பீக்கரையே அதில் மாட்டுகிறார்கள். வீணையும் புல்லாங்குழலும் இதமாக ஒலிக்கும். தவில் தனி ஆரம்பித்ததும் ஒலி கலங்கிப் பிசிறடிக்கும். ‘இதுக்கா இவ்வளவு காசு?’ என்று வீட்டில் கேள்வி வரும். சில மாதங்களில் ஆம்ப்ளிஃபையர் பரணுக்குப் போய்விடும். பாவம், அதன்மீது ஒரு தப்பும் இருக்காது.

வால்வுகளில் பிரபலமானது 300பி. அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் 1930-களில் கொண்டுவந்தது. ஒரு சேனலுக்கு ஒரு 300பி என்று அமைத்தால் சுமார் 8 வாட்ஸ் கிடைக்கும். 2ஏ3 என்ற வால்வு என்றால் சுமார் மூன்றரை வாட்ஸ். இந்தக் கொஞ்ச சக்தியை எவ்வளவு சத்தமாக மாற்றுவது என்பது ஸ்பீக்கரின் கையில் இருக்கிறது. அதைச் சொல்லும் எண்ணுக்குப் பெயர் சென்சிட்டிவிட்டி. ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்பதுதான் அது.

83, 99 என்ற எண்களைப் பார்த்தால் பெரிய வித்தியாசமாகத் தெரியாது. ஆனால், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் இரண்டு மடங்கு சக்தி வேண்டும்; 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. பிபிசி தன் தேவைக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற குட்டி ஸ்பீக்கரைப் பாருங்கள். மனிதக் குரலை அத்தனை இயல்பாகத் தரும் என்று பெயர் வாங்கியது. அதன் சென்சிட்டிவிட்டி சுமார் 83 டெசிபல். கிளிப்ஷ் நிறுவனத்தின் ஹெரெஸி ஸ்பீக்கருக்கு அந்த நிறுவனம் சொல்லும் கணக்கு 99. வித்தியாசம் 16 டெசிபல். ஹெரெஸி ஒரு வாட்டில் எழுப்பும் சத்தத்தை எட்ட, குட்டி ஸ்பீக்கருக்குச் சுமார் 40 வாட்ஸ் தேவை. 8 வாட்ஸ் ஆம்ப்ளிஃபையரால் அதைத் தர முடியாது. தந்தாலும், அவ்வளவையும் தாங்க அந்தக் குட்டி ஸ்பீக்கர் செய்யப்படவில்லை.

அப்படியானால் எல்லா ஸ்பீக்கரையும் 99-க்குச் செய்யலாமே? அங்கேதான் இயற்கை குறுக்கே நிற்கிறது. ஆழமான பேஸ், சின்னப் பெட்டி, அதிக சென்சிட்டிவிட்டி இவை மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். இந்தத் துறையில் இதற்கு ‘ஹாஃப்மனின் இரும்பு விதி’ என்று பெயர். 1954-ல் அமெரிக்காவின் எட்கர் வில்சர், அடைத்த சின்னப் பெட்டிக்குள் இருக்கும் காற்றையே ஸ்பிரிங்காக வைத்து ஆழமான பேஸை வரவழைத்தார். விட்டுக்கொடுத்தது சென்சிட்டிவிட்டியை. பின்னால் டிரான்ஸிஸ்டர் வந்து வாட்ஸ் மலிவானதும், அந்த நஷ்டம் யார் கண்ணிலும் படவில்லை. இன்று கடைகளில் அடுக்கியிருக்கும் ஒல்லி ஸ்பீக்கர்களில் பலவும் அந்த வழியில் வந்தவைதான்.

எதிர் வழியில் போனவர் பால் கிளிப்ஷ். 1940-களில் அவர் உருவாக்கிய கிளிப்ஷ்ஹார்ன், அறையின் மூலைச் சுவர்களையே கூம்பின் நீட்சியாகப் பயன்படுத்திக்கொள்கிறது. கூம்பின் மகிமை நம் ஊருக்குப் புதிதல்ல. கல்யாண வீட்டுப் பந்தலில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் அடுத்த ஊர் வரை பாடியதும் இதே தத்துவத்தில்தான். ஆனால், இரும்பு விதி இங்கேயும் விடாது. கிளிப்ஷ்ஹார்ன் நான்கடிக்கு மேல் உயரம், ஹாலில் இரண்டு மூலைகள் காலியாக வேண்டும். பீரோவை எங்கே நகர்த்துவது என்று முதலிலேயே வீட்டில் பேசிவிடுவது நல்லது. இரண்டடி உயர ஹெரெஸி அந்தச் சண்டையைக் குறைக்கும். பதிலுக்கு அடி ஆழ பேஸ் கொஞ்சம் குறையும்.

எல்லோருக்கும் 99 வேண்டும் என்றில்லை. பத்துக்குப் பத்து அறையில், பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகக் குரலிசை கேட்பவருக்கு 8 வாட்ஸோடு 90 டெசிபல் ஸ்பீக்கரே தாராளம். பெரிய ஹாலில் நாகஸ்வரமும் தவிலும் நேரில் கேட்பதுபோல வேண்டும் என்றால் 95-க்குக் கீழே போக வேண்டாம். மூன்றரை வாட்ஸ் ஆம்ப்ளிஃபையராக இருந்தால் இன்னும் கறாராக இருங்கள்.

விளம்பரத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. சிலர் ‘ஒரு வாட்’ என்று எழுதாமல் ‘2.83 வோல்ட்’ என்று எழுதுவார்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இரண்டும் ஒன்றுதான். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது இரண்டு வாட்ஸ் ஆகிவிடும். அதாவது, 91 என்று போட்டிருந்தால் ஒரு வாட்டுக்கு உண்மையில் 88தான்.

ஓம் விஷயத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ‘8 ஓம்’ என்பது ஏறக்குறையச் சொல்லும் கணக்கு. சுரம் மாற மாற அது ஏறி இறங்கும். சில ஸ்பீக்கர்கள் ஓரிடத்தில் 3 ஓம் வரை இறங்கிவிடும். டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிஃபையர் இதைச் சமாளித்துக்கொள்ளும். சின்ன வால்வு ஆம்ப்ளிஃபையர் அந்த ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து ஆடும். ஒரு சுரம் தூக்கலாகவும் இன்னொன்று அமுங்கியும் கேட்கும். ஆகவே, குறைந்தபட்ச ஓம் எவ்வளவு என்று கேட்டு, 6-க்குக் கீழே அதிகம் இறங்காததாகப் பார்த்து எடுங்கள். ஆம்ப்ளிஃபையரின் பின்னால் 4, 8, 16 என்று தனித்தனி இணைப்புகள் இருந்தால், ஸ்பீக்கருக்குரிய எண்ணில் முதலில் மாட்டுங்கள். பிறகு மற்றதிலும் கேட்டுப் பார்த்து, காதுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளலாம்.

முடிந்தால், ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டே கடைக்குப் போங்கள். கனமாகத்தான் இருக்கும். கடைக்காரர் போடும் பாட்டு வேண்டாம். உங்களுக்கு மனப்பாடமான பாட்டைப் போடச் சொல்லுங்கள். தாளவாத்தியம் உச்சத்துக்குப் போகும் இடத்தில் குரல் தெளிவாக நிற்கிறதா என்று கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒன்று: ஸ்பீக்கரை மாட்டாமல் வால்வு ஆம்ப்ளிஃபையரில் பாட்டு ஓடவிடக் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகலாம். வால்வுகள் கை சுடும் அளவு சூடாகும். குழந்தைகள் இருந்தால் அவற்றின்மேல் கூண்டு போட்டே வையுங்கள். உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடுகிறது. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். மூடியைத் திறக்கும் வேலை மெக்கானிக்குடையது.