ஏழரை

போன வருடம் ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களிடம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேனரில் என் பெயருக்குக் கீழே ‘இண்டஸ்ட்ரி எக்ஸ்பர்ட்’ என்று போட்டிருந்தது. பேசுவதற்கு முன்னால் ஸ்டாஃப் ரூமில் டீ கொடுத்தார்கள். மேசைமேல் முதல் செமஸ்டர் கணக்கு இன்டர்னல் தேர்வின் மதிப்பெண் பட்டியல் கிடந்தது. ஃபெயிலானவர்களின் பெயர்களைச் சிவப்பு மையில் சுழித்திருந்தார்கள். அதைக் காட்டி ஒரு பேராசிரியர் சொன்னார்: “இதெல்லாம் ஏழரை சார். பேசிக்ஸே தெரியாது. நாம என்ன பண்ண முடியும்?”

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் முதலான தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடங்களை ஒதுக்கித் தமிழ்நாடு அரசு 2021இல் சட்டம் கொண்டுவந்தது. அந்த ஏழரையையும் ஏழரைச் சனியையும் முடிச்சுப்போட்டு யாரோ வைத்த பெயர் அது. அறையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் பொறியியல் சேர்ந்த 2007இல் ஏழரை ஒதுக்கீடு கிடையாது. இருந்திருந்தால் நானும் ஏழரைதான். அந்தப் பட்டியல் 2007இல் எடுக்கப்பட்டிருந்தால் என் பெயரும் சிவப்பில் சுழிக்கப்பட்டிருக்கும்.

தமிழ்நாட்டில் பொறியியல் நுழைவுத்தேர்வு இல்லாமல் சேர்ந்த முதல் செட் நாங்கள். அரசு மேல்நிலைப் பள்ளி, தமிழ் வழி. பிளஸ் டூ கணக்கில் 200க்கு 187. எங்கள் தெருவில் நான் கணக்குப் புலி. கல்லூரியில் முதல் வாரம் கணக்கு ஆசிரியர் ‘ரேங்க் ஆஃப் எ மேட்ரிக்ஸ்’ என்று ஆரம்பித்தார். ரேங்க் என்றால் எனக்குத் தெரிந்தது வகுப்பில் முதல் ரேங்க், இரண்டாம் ரேங்க். அணிக்கு எதற்கு ரேங்க் போடுகிறார்கள் என்று முழித்தேன். ‘அணியின் தரம்’ என்று அவர் ஒரே ஒருமுறை சொல்லியிருந்தால், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் போட்டுக் காட்டியிருப்பேன். ‘இன்டகிரேஷன் பை பார்ட்ஸ்’ என்பது நான் பக்கம் பக்கமாகப் போட்டுப் பழகிய பகுதித் தொகையிடல்தான் என்று புரிய மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் முதல் இன்டர்னல் முடிந்துவிட்டது. நூற்றுக்குப் பதினொன்று. செமஸ்டரில் அரியர்.

பாஷை மட்டும்தான் பிரச்சினை என்று சொன்னால் அது பொய். ப்ளூ பிரிண்ட்டை வைத்துக்கொண்டு, எந்தப் பாடத்தில் எத்தனை பத்து மார்க் வரும் என்று கணக்குப் போட்டுப் படித்தவர்கள் நாங்கள். பயிற்சியில் இல்லாத கணக்கு ஒன்றைப் பார்த்தால் ‘இது புத்தகத்துல இல்ல’ என்று பேனாவை வைத்துவிடுவோம். ஆகவே பேராசிரியர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் பேசிக்ஸ் தெரியாததும், தெரிந்த பேசிக்ஸை அடையாளம் தெரியாததும் வேறு வேறு நோய். இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுத்தார்கள்: ஃபெயில்.

என்னைக் காப்பாற்றியது ஒரு சீனியர் எழுதிக் கொடுத்த தாள். ஒரு பக்கம்தான். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். அணிக்கோவைக்கு எதிரே டிட்டர்மினன்ட், கலப்பெண்ணுக்கு எதிரே காம்ப்ளெக்ஸ் நம்பர், விளிம்பு விளைவுக்கு எதிரே டிஃப்ராக்ஷன். அறுபது சொல் இருக்கும். அடுத்த செமஸ்டரில் அரியரை முடித்தேன். நான் பார்த்தவரை, பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவில் யாராவது கட்டிய ஒரே பாலம் அந்தத் தாள்தான். அதைக் கட்டியவன் ஹாஸ்டலில் இருந்த பத்தொன்பது வயசுப் பையன். சம்பளம் வாங்கிய யாரும் அல்ல.

முன்பு இப்படி இல்லை. பதினோரு வருடம் படித்து எஸ்எஸ்எல்சி முடித்தால், ஒரு வருடம் பியூசி படிக்க வேண்டும். தமிழில் அதற்குப் புகுமுக வகுப்பு என்று பெயர். அது நடந்தது கல்லூரியில், பாடம் எடுத்தவர்கள் கல்லூரி ஆசிரியர்கள். பள்ளியிலிருந்து வந்தவனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை ஒரு வருடம் கூட இருந்து பார்க்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்தது. 1978இல் பியூசி போய் மேல்நிலைக் கல்வி வந்தது. பதினொன்றும் பன்னிரண்டும் பள்ளிக்குப் போயின.

அது தப்பான முடிவு என்று நான் சொல்லவில்லை. பியூசிக்காக டவுனுக்கு அனுப்ப முடியாமல் வீட்டில் உட்காரவைக்கப்பட்ட எத்தனையோ பெண்களுக்கு, ஊர்ப் பள்ளியிலேயே பிளஸ் டூ வந்ததுதான் விடிவு. என் அக்கா அப்படிப் படித்தவள். ஆனால் வகுப்பை இடம் மாற்றியபோது, அந்த வகுப்பு செய்துகொண்டிருந்த வேலையை யாரிடம் ஒப்படைத்தோம்? பள்ளிக்கூடம் அதைப் பொதுத்தேர்வுக்குத் தயார்செய்யும் இரண்டு வருடமாக ஆக்கிக்கொண்டது. கல்லூரியோ, பையன் முழுசாகத் தயாராகி வாசலுக்கு வருவான் என்று எடுத்துக்கொண்டது. ‘புகுமுகம்’ என்ற சொல்லோடு அந்தப் பொறுப்பும் காணாமல் போய்விட்டது.

பள்ளிக்கல்வியின் தலைமையகம் சென்னை நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது. அந்தத் தெருவின் பெயர் கல்லூரிச் சாலை. பொறியியல் கல்லூரிகளைக் கவனிக்கும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் கிண்டியில் இருக்கிறது. துறை வேறு, அமைச்சர் வேறு. என் தொழிலில் இரண்டு டீம் தனித்தனியாக எழுதிய மென்பொருள் அதனதன் சோதனையில் பச்சை காட்டும். சேர்த்து ஓட்டினால் விழும். விழுந்தால் ‘எங்க பக்கம் சரியாத்தான் இருக்கு’ என்று இரண்டு டீமும் சொல்லும். அப்போது மேனேஜர் இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, நடுவில் என்ன போகிறது, என்ன வருகிறது என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார். நாற்பத்தைந்து வருடத்துக்கு மேலாக இந்த இரண்டு டீமும் ஒரே அறையில் உட்கார்ந்த தடயம் ஒரு பதினேழு வயசுப் பிள்ளையின் அன்றாடத்தில் எங்கே இருக்கிறது?

அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். ஏழரை ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே கட்டுகிறது. 2022இல் புதுமைப் பெண், 2024இல் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய். நான் முதல்வன் வந்தது. இதெல்லாம் எங்கள் காலத்தில் கனவு. ஆனால் இவற்றில் பெரும்பகுதி உள்ளே போவதற்கும், போனபின் பட்டினி கிடக்காமல் இருப்பதற்கும், முடித்தபின் வேலைக்குமான உதவி. முதல் செமஸ்டரில் அணியின் தரம் ரேங்க் ஆகும் இடத்தில் உதவி எதுவும் இல்லை.

இத்தனைக்கும் கம்பி இழுத்தாகிவிட்டது. புதுமைப் பெண் திட்டத்தில் பணம் அனுப்ப, அந்த மாணவி ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவரா என்று பள்ளியின் எமிஸ் எண்ணை வைத்துச் சரிபார்க்கிறார்கள். அதாவது, கல்லூரியில் இருக்கும் இவர்தான் அந்தப் பள்ளியில் இருந்த அவர் என்று அரசின் கம்ப்யூட்டருக்குத் தெரியும். அதே கம்பி வழியே ‘உங்கள் பள்ளியிலிருந்து வந்த பதினான்கு பேரில் ஒன்பது பேர் முதல் செமஸ்டர் கணக்கில் தவறினார்கள், பெரும்பாலும் இந்தப் பாடத்தில்’ என்று திருப்பி அனுப்ப என்ன தடை? என் பழைய பள்ளியின் தலைமையாசிரியையிடம், காலேஜ் போன பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று தெரியவருமா என்று கேட்டேன். “கல்யாணப் பத்திரிகை குடுக்க வந்தா தெரியும் தம்பி” என்றார். தேர்ச்சி சதவீதம் குறைந்தால் மறுநாளே அவரை விளக்கம் கேட்பார்கள். தேர்ச்சிபெற்ற பிள்ளை ஆறாவது மாதம் டிசி வாங்கிக்கொண்டு போனால் அவருக்கு யாரும் சொல்வதுகூட இல்லை.

நான் சொல்வதற்கு வரும் பதில்கள் எனக்கு மனப்பாடம். முதல் பதில்: நுழைவுத்தேர்வைத் திரும்பக் கொண்டுவா. அதாவது, பாலம் இல்லாததால் ஆற்றில் விழுகிறார்கள், ஆகவே நீச்சல் தெரிந்தவனை மட்டும் கரைக்கு வரவிடு. கோச்சிங் சென்டருக்குக் கட்டப் பணம் இருந்தவனுக்கு நீச்சல் தெரியும். அவ்வளவுதான் அதன் பொருள்.

இரண்டாவது பதில் மரியாதைக்குரியது: பள்ளிக்கூடம் என்ன காலேஜுக்கு ஆள் பிடித்துக்கொடுக்கும் ஏஜென்சியா? எல்லாரும் காலேஜ் போகப்போவதில்லையே? சரிதான். அதனால்தான் கல்லூரி இறங்கி வரவேண்டும் என்கிறேன். பள்ளி ஆசிரியர் ஏற்கனவே முட்டைக் கணக்கு, எமிஸ் பதிவு, தேர்தல் வேலை என்று முதுகு வளைந்து நிற்கிறார். சிவப்பு மையோடு உட்கார்ந்திருப்பவருக்குத்தான் அடுத்த வேலை.

மூன்றாவது பதில்: அதுதான் இண்டக்ஷன் புரோகிராம் இருக்கிறதே. ஆமாம், ஏஐசிடிஇ 2017இல் மூன்று வாரம் என்று கொண்டுவந்தது. நான் போனதும் அப்படி ஒன்றுக்குத்தான். காலையில் யோகா, மதியம் ஒரு மோட்டிவேஷன் பேச்சு. பேசியது நான். ‘கனவை விடாதீர்கள்’ என்றேன். அந்தப் பிள்ளைகளுக்கு அன்று வேண்டியிருந்தது கனவு இல்லை, அறுபது சொல் உள்ள ஒரு தாள்.

ஆகவே கேட்பது மூன்றுதான். ஒன்று, முதல் இரண்டு செமஸ்டர் முடிவுகள் பாடவாரியாக, பெயர் இல்லாமல், தரவரிசை போடாமல், அனுப்பிய பள்ளிக்கே திரும்பிப் போகட்டும். திட்டுவதற்கு அல்ல, தெரிந்துகொள்வதற்கு. இரண்டு, பிளஸ் டூ தேர்வு மார்ச்சில் முடிகிறது, கல்லூரி வகுப்பு தொடங்க ஆகஸ்டு, செப்டம்பர் ஆகிறது. நடுவில் ஐந்து மாதம் அந்தப் பிள்ளை யாருடையதும் இல்லை. ஜவுளிக்கடையில் நின்றேன் நான். ரிசல்ட் வந்தபிறகு அதில் ஆறு வாரம் மாவட்டத்து அரசுக் கல்லூரிகளைத் திறந்துவையுங்கள். பள்ளி ஆசிரியர் ஒருவரும் கல்லூரி ஆசிரியர் ஒருவரும் ஒரே வகுப்பில் நின்று, ஒரே கணக்கை இரண்டு பேரும் போட்டுக் காட்டட்டும். வரும் பிள்ளைக்குச் சாப்பாடும் பஸ் பாஸும், ஆசிரியருக்குச் சம்பளமும், பதவி உயர்வில் அதற்கு மதிப்பும் வேண்டும். மூன்று, முதலாண்டு கணக்கை நேற்றுச் சேர்ந்த கான்ட்ராக்ட் ஆசிரியர் தலையில் கட்டுவதை நிறுத்துங்கள். நான் பார்த்த கல்லூரிகளில் மூத்தவர்கள் இறுதியாண்டோடு வசதியாக இருக்கிறார்கள். துறையின் மிக நல்ல ஆசிரியர் நிற்கவேண்டிய இடம் வாசல்.

அன்று ஸ்டாஃப் ரூமில் ‘எனக்கும் எம்-ஒன்னில் அரியர் சார்’ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பேனரில் எக்ஸ்பர்ட் என்று போட்டிருந்தது.

சீனியர் கொடுத்த தாள் எங்கோ தொலைந்துவிட்டது. ஊருக்குப் போனபோது என் பழைய பள்ளியின் இயற்பியல் டீச்சரோடு இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து புதிதாக எழுதினேன். இப்போது 140 சொல். அந்தக் கல்லூரிக்கு மெயிலில் அனுப்பினேன், இன்னும் பதில் இல்லை. டீச்சருக்கும் அனுப்பியிருந்தேன். அன்று ராத்திரியே கூப்பிட்டு, இரண்டு சொல் தப்பு என்று திருத்திவிட்டு, “இதை லெவன்த்துல இருந்தே குடுக்கலாமே தம்பி, ஜெராக்ஸ் எடுக்க யார்கிட்ட பர்மிஷன் கேக்கணும்?” என்றார்.