முறையிட ஓர் இடம்

1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தம், இலங்கை மலையகத்தில் நாடற்றுக் கிடந்த 9,75,000 தமிழர்களை அவர்களைக் கேட்காமலே பங்கு பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, அவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரி மலையேறினார்கள். கூடலூர், பந்தலூர், குன்னூர், கோத்தகிரிப் பக்கங்களில் அவர்களுக்கு வேலை கொடுக்கவென்று 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள்தாம் 1976இல் டேன்டீ என்ற அரசு நிறுவனமாயின. அங்கே விட்டுவந்ததும் லயன் என்ற வரிசை வீடு, இங்கே கிடைத்ததும் லயன். ஊர்க்காரர்கள் வாயில் அவர்கள் ‘சிலோன்காரர்கள்’. அவர்களில் சிறுபான்மையினர் கிறிஸ்தவர்கள். அவர்களுக்கு முன்பே 1840களில் கேத்தியில் நிலைகொண்ட பாசல் மிஷன் வழிவந்த படுகக் கிறிஸ்தவர்கள், கேரளத்திலிருந்து கூடலூர்ப் பக்கம் குடியேறியவர்கள், ஊட்டி கந்தல் குருசடிக்கு நடந்துபோகும் கத்தோலிக்கர்கள் என்று இந்த மலையில் பல கிளைகள் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்கள்தொகையில் கிறிஸ்தவர்கள் 11.5 விழுக்காடு, மாநில சராசரி 6.1தான். ஜெபம் மனிதருக்குப் பலம் தருமா என்ற பழைய கேள்வியைக் கேட்டுப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் குறைவு. பச்சை இலையின் விலை, மண்சரிவு, குடியிருப்பு, குடியுரிமை என்று எதுவுமே இங்கே வாழ்பவர்களின் கையில் இருந்ததில்லை.

அந்தக் கேள்வியைப் பெரும்பாலும் தப்பாகவே கேட்கிறோம். விசுவாசி, கேட்டது கிடைத்தது என்று சாட்சி சொல்கிறார். நாத்திகர், கிடைக்காதவர்களின் கணக்கு எங்கே என்கிறார். இருவருமே ஜெபத்தை மனுப் போட்டுப் பலன் வாங்கும் அலுவலாகத்தான் பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்தால் நாத்திகர் பக்கமே ஆதாரம் வலுவாக இருக்கிறது. அமெரிக்காவில் ஹெர்பர்ட் பென்சன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், இதய பைபாஸ் அறுவைக்கு வந்த 1,802 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். தமக்காக ஜெபிக்கப்படுமா என்று தெரியாத இரு குழுக்களில் ஒன்றுக்காக ஜெபித்தார்கள், மற்றதற்காக ஜெபிக்கவில்லை. இரண்டிலும் சிக்கல் ஏற்பட்டவர்கள் பாதிக்குச் சற்று மேல். சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. உங்களுக்காக ஜெபிக்கிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட மூன்றாம் குழுவிலோ 59 விழுக்காட்டினருக்குச் சிக்கல். தெய்வத்தைச் சோதனைக்கூடத்தில் நிறுத்த முடியாது என்று விசுவாசிகள் இதைத் தள்ளிவிடலாம். நான் தள்ளமாட்டேன். முன்பின் அறியாதவர் எங்கிருந்தோ ஜெபித்தால் இதயம் சீராகும் என்ற எதிர்பார்ப்பை இந்த ஆய்வு நன்றாகவே உடைத்திருக்கிறது. உடைந்தது நல்லதுதான்.

காரணம், வேதாகமமே அந்த எதிர்பார்ப்பை வளர்க்கவில்லை. கெத்செமனே தோட்டத்தில், வரப்போகும் துன்பம் நீங்கட்டும் என்று இயேசு கேட்டது கிடைக்கவில்லை. தன் உடலில் தைத்த முள்ளை எடுத்துவிடும்படி பவுல் மூன்று முறை கேட்டார். முள் அப்படியே இருந்தது. சங்கீதப் புத்தகத்தின் 150 பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று புலம்பல். 88ஆம் சங்கீதத்தில் கடைசி வரிவரை வெளிச்சமே வராது. இந்தப் பாடல்களை யாரும் வெட்கப்பட்டு மறைக்கவில்லை, வழிபாட்டிலேயே வைத்துப் பாடினார்கள். கர்த்தரே, ஏன் தூங்குகிறீர், எத்தனை காலம் மறந்திருப்பீர் என்ற தொனியில் ஆலயத்துக்குள் நின்று கேட்கலாம் என்று ஒரு மதநூல் அனுமதிப்பது சாதாரண விஷயமல்ல. துன்பத்தில் இருக்கிறவனைத் துன்பம் பாதி கொல்லும், அதை வெளியே சொல்ல முடியாத நிலை மீதியைக் கொல்லும். தோட்டத்து அதிகாரியிடம் எதைச் சொன்னாலும் அதற்கொரு விளைவு உண்டு. பக்கத்துக் காம்பராவில் சொன்னால் நாளைக் காலை லயன் முழுக்கப் பரவும். கடன் கொடுத்தவரிடம் சொல்லவே கூடாது. விளைவுக்கு அஞ்சாமல், மானம் போகுமே என்று பதறாமல் முறையிட ஓர் இடம் இருக்கிறது என்பதுதான் ஜெபம் தரும் முதல் பலம் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது பலத்துக்குக் கூட்டம் வேண்டும். டைலர் வாண்டர்வீலும் அவருடைய சகாக்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்கச் செவிலியர் 74,534 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த தரவுகளைக் கொண்டது. வாரத்தில் ஒரு முறைக்கு மேல் வழிபாட்டுக்குப் போனவர்களின் இறப்பு விகிதம், போகவே போகாதவர்களைவிட 33 விழுக்காடு குறைவு. அமெரிக்கச் செவிலியரும் நீலகிரியின் சேரம்பாடியில் கொழுந்தெடுக்கும் பெண்ணும் ஒன்றல்ல. நடந்துபோகும் அளவுக்கு உடம்பு நன்றாக இருப்பவர்கள்தானே கோயிலுக்குப் போவார்கள் என்ற சந்தேகமும் நியாயமானது. ஆய்வாளர்கள் அதைக் கணக்கில் எடுத்துக் கழித்துப் பார்த்த பிறகும் வித்தியாசம் நின்றது. அந்த வித்தியாசம் தெரிந்தது கூடிப்போய் வழிபட்டவர்களிடம் என்பதைக் கவனிக்க வேண்டும். லயன்களில் வாரநாள் மாலை நடக்கும் வீட்டு ஜெபக்கூட்டத்தையும், கத்தோலிக்கர்களின் அன்பியக் கூட்டத்தையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். ஒவ்வொருவரும் தம் ஜெப விண்ணப்பத்தை வாய்விட்டுச் சொல்கிறார்கள். மகனுக்குத் திருப்பூரில் வேலை நிலைக்கவில்லை, கர்ப்பப்பையில் கட்டி, ஓய்வு பெற்றால் லயன் வீட்டைக் காலிசெய்ய வேண்டும். சாமியிடம் சொல்வதாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் சுற்றியிருக்கும் பத்துப் பேரின் காதிலும் விழுகிறது. மறுநாள் யாரோ மருத்துவமனைக்குத் துணைக்குப் போகிறார்கள், யாரோ சாதிச் சான்றிதழுக்கு எந்த அலுவலகம் என்று சொல்கிறார்கள். மனிதரிடம் நேராகக் கேட்டால் யாசகமாகிவிடுவதைக் கடவுளிடம் கேட்டால் மானத்தோடு கேட்க முடிகிறது.

அப்படியானால் கடவுள் எதற்கு, மகளிர் சுயஉதவிக் குழுவும் தொழிற்சங்கமும் போதாதா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். சங்கம் கூலிக்குப் போராடும், போராடவும் வேண்டும். குழு கடன் கொடுக்கும். ஆனால் செத்துப்போன பிள்ளையைப் பற்றிச் சங்கத்தில் பேச நிகழ்ச்சி நிரலில் இடமில்லை. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த இழப்பில் தீர்வு காண எதுவுமில்லை, நிவாரணத் தொகையோடு அரசின் பொறுப்பு முடிந்துவிடுகிறது. தீர்க்க முடியாததை யாரிடமாவது சொல்லியாக வேண்டுமே. அதைக் கேட்க எதிரே ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கை உண்மையா என்று என்னால் நிரூபித்துக் காட்ட முடியாது. அந்த நம்பிக்கை செய்கிற வேலையை வேறொன்று செய்வதாக நான் காணவில்லை என்பதை மட்டும் சொல்வேன்.

மதம் மக்களுக்கு அபினி என்ற குற்றச்சாட்டு இதைவிடக் கனமானது. 1844இல் மார்க்ஸ் அதை எழுதிய அதே இடத்தில் மதத்தைத் துன்பத்தின் வெளிப்பாடாகவும் அதற்கான எதிர்ப்பாகவும் சேர்த்தே சொன்னார் என்பதை மேடைப் பேச்சாளர்கள் மறந்துவிடுகிறார்கள். இருந்தாலும், தோட்டத்துத் துரைமார் கட்டிய கோயில்கள் கூலிகளுக்குப் பொறுமையைத்தான் போதித்தன என்று சொன்னால் மறுக்க நான் வரவில்லை. ஆனால் ஜெபம் எப்போதும் கையைக் கட்டிப் போடுவதில்லை. அமெரிக்காவில் நிறப் பாகுபாட்டை எதிர்த்த மான்ட்கோமரி நகரப் பேருந்துப் புறக்கணிப்பு 1955 டிசம்பர் 5 இரவு ஒரு பாப்டிஸ்ட் ஆலயத்தில் பாட்டும் ஜெபமுமாகக் கூடிய கூட்டத்தில் உறுதியானது. 381 நாள் நீடித்தது. நம் பக்கத்தில், மலையகத் தோட்டத் தமிழரின் உரிமைக்காக ஆயுள் முழுக்க எழுதியும் அமைப்பு கட்டியும் உழைத்த பால் காஸ்பர்ஸ் ஓர் இயேசு சபைக் குரு. கண்டியில் 1972இல் அவர் தொடங்கிய சத்யோதயம் என்ற அமைப்பு, சிங்களரையும் தமிழரையும் ஒரே கூரையின்கீழ் உட்கார வைத்தது. முறையிடப் பழகிய வாய், அதிகாரியிடமும் ஒருநாள் முறையிடும்.

எனக்குக் கவலை அபினியைப் பற்றியல்ல, குற்ற உணர்வைப் பற்றி. கென்னத் பார்கமென்ட் குழு 2001இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனையில் இருந்த முதிய நோயாளிகள் ஏறத்தாழ 600 பேரை இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். கடவுள் என்னைக் கைவிட்டாரோ, என்னை அவர் நேசிக்கிறாரா, இது பிசாசின் வேலையோ என்று தவித்தவர்களுக்கு இறப்பு அபாயம் 19 முதல் 28 விழுக்காடுவரை கூடியிருந்தது. விசுவாசம் இருந்தால் சுகம், சுகமில்லையென்றால் விசுவாசத்தில் குறை என்று ஒலிபெருக்கி வைத்துச் சொல்லும் சுகமளிக்கும் கூட்டங்கள் இந்தத் தவிப்பைத்தான் உற்பத்தி செய்கின்றன. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடும் பெண்ணிடம், பிசாசைத் துரத்தினால் மாத்திரை வேண்டாம் என்று சொல்பவர் அவளுடைய முறையிடும் இடத்தையே பறிக்கிறார். இனி அவள் அங்கே வந்து தன் கஷ்டத்தைச் சொல்லமாட்டாள், சொன்னால் விசுவாசக் குறை என்பார்கள். சபைகளில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. அதில் சுகமானவர்களுக்கும் வேலை கிடைத்தவர்களுக்கும்தான் மைக் கிடைக்கிறது. ஆயர்களும் உபதேசியார்களும் மாதத்தில் ஒரு ஞாயிறாவது, கேட்டது இன்னும் கிடைக்காதவர்களை முன்னால் அழைத்து, 88ஆம் சங்கீதத்தை வாசிக்கச் சொல்லி, பிறகு அவர்களில் யார் இந்த வாரம் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று விசாரிக்கலாம்.