நாற்காலி போட்டால் போதுமா?

கடல் கடந்து வரும் குருவானவருக்கு மாலை போடுகிறோம்; நாற்காலி போடுகிறோம்; தேநீர் கொடுக்கிறோம். அதில் நட்பு இருக்கிறதா?

ஏறக்குறைய இதே கேள்வியைக் கடல் கடந்து போய்க் கேட்டவர் ஒரு தமிழ்க் குருவானவர். திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வே. சா. அசரியா. 1909இல் குருப்பட்டம் பெற்றார். மறு ஆண்டே எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டுக்குப் போனார். சுமார் 1,200 பேராளர்கள். மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். மிஷனெரிமாரின் தியாகத்தை அவர் மறுக்கவில்லை. பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், நண்பர்களாக இருக்கவில்லையே என்ற மனக்குறையைச் சபையிலேயே எடுத்துரைத்தார். கைகுலுக்கல், நாற்காலி, தேநீர் எல்லாம் நட்பின் அடையாளமாக இருந்தால்தான் மதிப்பு என்றார்.

கேட்டவர்களில் சிலர் முகம் சுளித்தார்கள். ஆனாலும் 1912இல், தெலுங்கு நாட்டின் டோர்னகலில், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார் அவர்.

வெளியூர்ப் பெரியவர்களை உபசரிப்பது நல்லதுதான். நம் வீட்டில் வேலை செய்யும் அம்மாவை, "உட்காருங்கள், சேர்ந்து சாப்பிடுவோம்" என்று என்றைக்காவது அழைத்திருக்கிறோமா? எண்ணிப் பாருங்கள்.