செல்லப்பிராணி மருந்தை இணையத்தில் வாங்குகிறீர்களா? அசல் மருந்தும் உயிரைப் பறிக்கலாம்

நாய்க்குச் சொறி, பூனைக்கு உண்ணி. கால்நடை மருத்துவரைப் பார்க்க வேண்டுமென்றால் தோட்டத்திலிருந்து வண்டி பிடித்துப் பட்டணத்திற்குப் போக வேண்டும், கட்டணமும் உண்டு. கைப்பேசியில் தேடினால் மருந்து மலிவாக வீட்டு வாசலுக்கே வருகிறது. நம்மவர்கள் இணையத்தை நாடுவதில் வியப்பில்லை.

போலி மருந்து வந்துவிடுமோ என்றுதான் பலரும் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால், பரிசோதனை இல்லாமல் கொடுத்தால் அசல் மருந்தும் ஆபத்துதான்.

ஐவர்மெக்டின் மருந்தைப் பாருங்கள். மாடுகளுக்குப் போடும் 1 விழுக்காடு ஊசி மருந்தில், ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் உள்ளது. 10 கிலோ எடையுள்ள நாய்க்கு இதயப்புழு வராமல் தடுக்க மாதம் ஒருமுறை தேவைப்படுவதோ சுமார் 0.06 மில்லிகிராம் மட்டுமே. கண் அளவில் ஒரு மில்லிலிட்டர் கொடுத்தால் அது 160 மடங்குக்கும் மேல். அளவு மிஞ்சினால் நடுக்கம், பார்வை இழப்பு, மயக்கம், மரணம் வரை போகலாம்.

இதயப்புழு கொசுவால் பரவுவது. தடுப்பு மருந்தைத் தொடங்கும் முன் இரத்தப் பரிசோதனை அவசியம். ஏற்கெனவே புழு இருக்கும் நாய்க்கு அதே மருந்து கடும் பாதிப்பை ஏற்படுத்தக்கூடும். இணைய விற்பனையாளர் இதைக் கேட்பதில்லை.

பூனை வளர்ப்போர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நாய்களுக்கான சில உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் உள்ளது. அதைப் பூனையின் முதுகில் விட்டால் வலிப்பு வந்து உயிரே போகலாம். நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பாரசிட்டமால் ஒரு மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும்.

1952ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின்படி, ‘பி’ பிரிவில் உள்ள மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாது. பல ஆண்டிபயாட்டிக் மருந்துகள் இதில் அடங்கும். சீட்டு கேட்காமல் அவற்றை விற்க முன்வருபவரிடம் வாங்காதீர்கள்.

தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தில் பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண் இருக்கும். அதை அந்நிறுவனத்தின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம்.

தனியார் கிளினிக் கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள், கால்நடைச் சேவைத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் முதலில் விசாரிக்கலாம். மருந்து கொடுத்தபின் பிராணி தள்ளாடினாலோ, எச்சில் வடித்தாலோ, வலிப்பு கண்டாலோ காத்திருக்க வேண்டாம். மருந்துப் பெட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.