ஈஸ்டர் முட்டையும் முயலும்: அனுப்பும் முன் யோசியுங்கள்



ஈஸ்டர் வந்தால் போதும், அந்த வாட்ஸ்அப் செய்தியும் வந்துவிடுகிறது. ஈஸ்டர் என்பது பாபிலோன் தேவதை இஷ்தாரின் பெயராம், முட்டையும் முயலும் அவளுடைய சின்னங்களாம், கிறிஸ்தவர்கள் திருடிக்கொண்டார்களாம். நம் பள்ளி குரூப்பில் இந்த ஆண்டும் போட்டிருக்கிறீர்கள். கீழே சிரிப்புப் பொம்மைகள் வேறு. ஒரே பெஞ்சில் உங்களோடு உட்கார்ந்து படித்த கிறிஸ்தவப் பிள்ளைகளும் அதே குரூப்பில்தான் இருக்கிறார்கள்.

இஷ்தாரின் சின்னங்கள் சிங்கமும் எட்டுமுனை நட்சத்திரமும். பெயராவது பொருந்துகிறதா? ஆங்கிலத்தில் ஈஸ்டர், ஜெர்மனில் ஓஸ்டர்ன். ஆனால் ஸ்பானிய மொழியில் பாஸ்குவா, நம் தமிழில் பாஸ்கா. இவை யூதர்களின் பெசாக் பண்டிகைப் பெயரிலிருந்து வந்தவை. தமிழ் படித்த நீங்கள் ஆங்கில ஒலியை வைத்தா ஆராய்ச்சி செய்வது?

ஈயோஸ்டர் என்ற தேவதையின் பெயரால் ஒரு மாதம் இருந்தது என்று 725-இல் பீட் என்ற ஆங்கிலத் துறவி எழுதினார். பழைய சான்று அது ஒன்றுதான். அதில் முட்டையும் இல்லை, முயலும் இல்லை. 1835-இல் யாக்கோப் கிரிம் அதை வைத்து ஜெர்மனியிலும் ஒரு தேவதை இருந்திருக்கலாம் என்று ஊகித்தார். அது ஊகம்தான், வரலாறு அல்ல.

முட்டைக்கு எளிய காரணமே போதும். அந்நாளில் ஐரோப்பாவில் தவக்காலத்தில் முட்டை உண்ணத் தடை. கோழிக்கு அது தெரியுமா? சேர்ந்த முட்டைகள் பண்டிகைக்கு வந்தன. முயல் முட்டை கொண்டுவரும் கதையை 1682-இல் ஒரு ஜெர்மன் மருத்துவர் எழுதியபோதே கட்டுக்கதை என்றுதான் குறிப்பிட்டார். நிலாவில் முயல் இருப்பதாக நம் பாட்டிமாரும் சொன்னார்கள். ஈஸ்டர் முயல் தமிழ் முயல் என்று நாளை ஒருவர் எழுதினால் அதையும் அனுப்புவீர்களா?

கிறிஸ்தவ உறவுகளே, முட்டை இயேசுவின் கல்லறையைக் குறிக்கிறது என்பதும் வேதாகமத்தில் இல்லை. பிற்காலத்தார் கொடுத்த விளக்கம் அது. அழகான விளக்கம், அவ்வளவே.

ஒரு வழக்கத்தின் தொடக்கம் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லுங்கள். தேர்வில் அதற்கு மதிப்பெண் கிடைக்காது. வாழ்க்கையில் கிடைக்கும். சான்று இல்லாத கதையால் பக்கத்து வீட்டுப் பண்டிகையைக் கேலி செய்வது அறிவும் ஆகாது, பகுத்தறிவும் ஆகாது. நாளை உங்கள் பொங்கலுக்கும் ரம்ஜானுக்கும் இப்படி ஒரு செய்தி தயாராகும்.

அடுத்த ஈஸ்டருக்கு அந்தச் செய்தி வந்தால் அழித்துவிட்டு, கூடப் படித்தவனுக்கு ஒரு வாழ்த்து அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்